ஃப்ளூ ஊசி என்று சொல்லி அம்மாவுக்குப் போடலாமா?

கேள்வி: டொக்டர், என் அம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. 1998இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், ஸ்காபரோவில் எங்களோடு இருக்கிறார். வீட்டில் எல்லோரும் கோவிட் ஊசி இரண்டும் போட்டுவிட்டோம், அம்மா ஒன்றுகூடப் போடவில்லை. “விவேக் ஊசி போட்ட அடுத்த நாளே விழுந்தார்தானே” என்கிறார். சீனி உள்ளவர்கள் போட்டால் இரத்தம் கட்டிப்போகும் என்று யாரோ ஒரு பெண் பேசிய வட்ஸ்அப் ஓடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அரசாங்கம் ஏன் சும்மா தருகிறது என்றும் ஒரு கேள்வி. மல்லி அவித்துக் குடிக்கிறேன், அது போதும் என்கிறார். போன மாதம் என் தம்பி, “உங்களால்தான் இந்த வீட்டில் யாராவது சாகப்போகிறோம்” என்று கத்திவிட்டான். அதிலிருந்து அம்மா எங்களோடு இருந்து சாப்பிடுவதில்லை. டிசம்பர் கடைசியில் என் மகளுக்குச் சாமத்திய வீடு வைத்திருக்கிறோம். மண்டபத்தில் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஃப்ளூ ஊசி என்றால் அம்மா மறுக்க மாட்டார், வருடா வருடம் போடுகிறவர். அப்படிச் சொல்லிக் கூட்டிப்போய் இதைப் போட்டுவிடலாமா? இல்லாவிட்டால் ஒரு விலக்குக் கடிதமாவது தருவீர்களா?
- ஸ்காபரோ வாசகி, நவம்பர் 2021

வணக்கம் சகோதரி,

இரண்டுக்கும் என் பதில் முடியாது என்பதுதான். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைக் கதைப்போம்.

ஒன்ராறியோவில் 1996ஆம் ஆண்டுச் சம்மதச் சட்டம் ஒன்று இருக்கிறது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்கு, அவர் சம்மதிக்காத எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது. மகள் சொன்னாலும் கூடாது, வைத்தியர் சொன்னாலும் கூடாது. பார்மசியில் ஊசியை எடுப்பதற்கு முன்பே இது கோவிட் தடுப்பூசி என்று பெயர் சொல்லி, ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, அவர் வாயால் சம்மதம் வாங்குவார்கள். உங்கள் திட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஒரு பேச்சுக்கு, எப்படியோ நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஊசிக்கு என்ன பெயர் சொல்வீர்கள்? என்றாவது ஒருநாள் அம்மாவுக்கு விஷயம் தெரிய வரும். அப்புறம் நீங்கள் நீட்டும் சீனிக் குளிசையைக்கூட இரண்டு தரம் பார்த்துத்தான் வாங்குவார். கோவிலில் சந்திக்கிற பத்துப் பேரிடமும் சொல்வார். அந்தப் பத்துப் பேரில் நாலு பேர் என்னிடம் வருகிறவர்களாக இருப்பார்கள்!

விலக்குக் கடிதத்துக்கு இந்த 2021 விதிகளில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் எடுபடும். தடுப்பூசியில் உள்ள ஏதாவது ஒரு பொருளுக்குக் கடுமையான ஒவ்வாமை இருப்பதை அதற்குரிய நிபுணர் உறுதிப்படுத்த வேண்டும். அல்லது முன்பு போட்ட கோவிட் ஊசிக்குப் பிறகு இதயத் தசையிலோ இதயத்தைச் சுற்றிய உறையிலோ அழற்சி வந்திருக்க வேண்டும். சீனியும் பிரஷரும் அந்தப் பட்டியலில் இல்லை. நோய் வந்தால் உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகக்கூடியவையே அவை இரண்டும்தான். இந்த இலையுதிர் காலத்தில் இங்கே ஐசியு கட்டில்களில் கிடந்த கோவிட் நோயாளிகளில் பெரும்பங்கினர் ஊசி போடாதவர்கள். அப்படியிருக்க, நான் எழுதும் கடிதம் உங்கள் அம்மாவை மண்டபத்துக்குள் விடும், நோயிலிருந்து காப்பாற்றாது.

சரி, அம்மாவிடம் வருவோம். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஃப்ளூ ஊசியை அவர் வருடா வருடம் போடுகிறார். அப்படியென்றால் அவர் ஊசிக்கு எதிரானவர் இல்லை. இலங்கையில் பிள்ளை வளர்த்த தாய்மார் பெரும்பாலும் அப்படித்தான். குடும்பநல மாது சொன்ன திகதிக்கு, கையில் அட்டையோடு கிளினிக் வாசலில் நின்றவர்கள். பிறந்தவுடன் பிசிஜி, பிறகு முக்கூட்டு ஊசி, போலியோ சொட்டு எல்லாம் வரிசையாகக் கொடுப்பித்தார்கள். 1995இலிருந்து போலியோ சொட்டு கொடுக்கும் நாட்களுக்காக இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்தி வைத்த நாடு அது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த உங்கள் அம்மாவுக்கு இது நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். தடுப்பூசியின் பெறுமதியை அவருக்கு வகுப்பெடுக்க நீங்களும் தேவையில்லை, நானும் தேவையில்லை. இந்த ஒரு ஊசியில்தான் அவருக்குப் பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒவ்வொன்றும் வேறொரு நாட்டிலிருந்து, வேறொரு ஊசியைப் பற்றி வந்த செய்தியாக இருக்கிறது.

புலம்பெயர்ந்து இருக்கிற எங்களுக்கு இது ஒரு தனிச் சிக்கல். இருப்பது ஸ்காபரோவில். காலையில் சென்னைத் தொலைக்காட்சி பார்க்கிறோம், மத்தியானம் கொழும்பில் இருக்கும் அண்ணனின் அழைப்பு, இரவு லண்டன் மச்சாளின் வட்ஸ்அப். மூன்று இடத்திலும் மூன்று வேறு ஊசிகள், மூன்று வேறு விதிகள். எல்லாம் ஒரே கைபேசியில் ஒரே தமிழில் வந்து விழும்போது எது எங்கே நடந்தது என்பது கரைந்துபோய், “ஊசி போட்டவர் செத்தார்” என்பது மட்டும் மிஞ்சுகிறது.

நடிகர் விவேக்கை எடுத்துக்கொள்வோம், தமிழ் வீடுகளில் இந்தப் பெயரைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். ஏப்ரல் 15ஆம் திகதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போடுங்கள் என்று கமராக்களுக்கு முன்னால் சொன்னார். 16ஆம் திகதி மாரடைப்பு. 17ஆம் திகதி அதிகாலையில் போய்விட்டார். 59 வயது. இதைக் கேட்ட ஒருவர் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆகவே அம்மாவிடம் “அதெல்லாம் சும்மா கதை” என்று சொல்லாதீர்கள். அது கதை இல்லை, நடந்தது. ஆனால் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. அவர் போட்டது கோவாக்சின், ஹைதராபாத்தில் செய்த ஊசி. கனடாவில் அது பாவனையில் இல்லை, உங்கள் அம்மாவுக்குக் கொடுக்க யாரிடமும் கிடையாது. அவருடைய இதயத்தின் இடது பக்கத்துப் பெரிய இரத்தக் குழாய் முழுதாக அடைபட்டிருந்தது என்று சிகிச்சை கொடுத்த வைத்தியர்கள் அப்போதே சொன்னார்கள். அப்படியான அடைப்புக்கு அடித்தளமான கொழுப்புப் படிவு ஒரே நாளில் வருவதில்லை, பல வருடங்களாகச் சேர்வது. இந்தியாவில் ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு இந்த மரணத்தையும் பார்த்து, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை, தற்செயலாக ஒன்றையடுத்து ஒன்று நடந்தது என்று சென்ற மாதம்தான் முடிவு சொன்னது. மரணம் நடந்தபோது எல்லா வட்ஸ்அப் குழுவிலும் வந்தது, இந்த முடிவு எத்தனை குழுவில் வந்தது? உங்கள் அம்மாவுக்கு இதைச் சொன்ன முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அடுத்து, இரத்தம் கட்டிப்போகும் என்ற ஓடியோ. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் இது இவ்வளவு தூரம் ஓடுகிறது. அஸ்ட்ராசெனிகா ஊசி போட்டவர்களில் மிகச் சிலருக்கு, இரத்தத் தட்டுக்கள் குறைந்து, அதே நேரத்தில் மூளையிலும் வேறு இடங்களிலும் இரத்தம் உறையும் ஒரு ஆபத்தான நிலை வந்தது. ஒன்ராறியோ மே 11ஆம் திகதி அதன் முதல் டோஸை நிறுத்தியபோது சொன்ன கணக்கு, ஏறத்தாழ 60,000 டோஸுக்கு ஒருவர். அதற்கு முன் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் கனடாவின் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழு, அஸ்ட்ராசெனிகா 65 வயதுக்கு மேல் வேண்டாம் என்றது. இரண்டு வாரத்தில் போடலாம் என்றது. மார்ச் கடைசியில் 55 வயதுக்குக் கீழே நிறுத்துங்கள் என்றார்கள். ஏப்ரலில் ஒன்ராறியோ 40 வயதிலிருந்து கொடுத்தது. மே மாதம் வேறு ஊசி கிடைத்தால் அதுவே நல்லது என்றார்கள், ஒரு வாரம் கழித்து இங்கே நின்றே போனது. தகவல் புதிதாக வர வர ஆலோசனை மாறியது நியாயம்தான். ஆனால் அதை ஆங்கிலச் செய்தியில் அரைகுறையாகவும் வட்ஸ்அப்பில் முழுதாகவும் கேட்ட ஒரு 68 வயதுப் பெண், இவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இப்போது அம்மாவுக்கு இங்கே கொடுக்கப்போவது பைசர் அல்லது மொடேர்னா. அந்த உறைவுப் பிரச்சினை இவற்றுக்குரியது அல்ல. அந்தப் பிரச்சினைக்கும் சீனி வருத்தத்துக்கும் தொடர்பு காணப்படவுமில்லை, ஓடியோவில் பேசிய பெண் அதை எங்கிருந்து எடுத்தாரோ! இரத்தத்தை உறைய வைப்பதில் கோவிட் நோயே பெரிய கை. பைசரிலும் மொடேர்னாவிலும் இதயத் தசை அழற்சி என்று ஒன்று பேசப்படுகிறதே என்று கேட்பீர்கள். உண்மை, அரிதாக வருகிறது. பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பிறகு. உங்கள் தம்பிக்கு அதைச் சொல்லிப் பயம் காட்டலாம், அம்மாவுக்குப் பொருந்தாது. (பயம் காட்டச் சொன்னது பகிடி.) அம்மா மரக்கறிக்காரர் என்றால் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள், இந்த இரண்டிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ முட்டையோ கிடையாது.

சும்மா ஏன் தருகிறார்கள் என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் தேவையில்லை. இலங்கையில் ஊசி என்ன விலைக்கு வாங்கினீர்கள் அம்மா என்று கேளுங்கள், போதும்.

மல்லித் தண்ணீரை விட்டுவிடுங்கள், குடிக்கட்டும். தொண்டைக்கு இதம். நானும் குடிக்கிறேன். அதோடு சண்டை போட்டால் நீங்கள் ஊசிக்காக வாதாடாமல் ஊருக்கு எதிராக வாதாடுகிற மாதிரி ஆகிவிடும். கேட்டால் மட்டும், கோவிட்டுக்கு மருந்து என்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணியை நினைவுபடுத்துங்கள். சென்ற டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் அதற்காக வரிசையில் நின்றார்கள். இலங்கையின் சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் குடித்தார். ஜனவரியில் அவருக்கே கோவிட் வந்தது.

இந்த இடத்தில் உங்கள் வீட்டைத் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும். ஊசி போடாதவர்கள் என்றால் அறியாமை என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கிலாந்தில் மார்ச் மாதம்வரை 70 வயதுக்கு மேற்பட்டவர்களின் கணக்கை எடுத்தார்கள். வெள்ளை பிரித்தானியர்களில் 91.3 வீதம் முதல் ஊசி போட்டிருந்தார்கள். பாகிஸ்தானியர்களில் 74, வங்காளதேசத்தவர்களில் 72.7, கறுப்பு ஆபிரிக்கர்களில் 58.8. ஒரே நாடு, ஒரே இலவச ஊசி. இத்தனை பேரும் வட்ஸ்அப் கேட்டுக் கெட்டுப்போனார்கள் என்று சொல்ல முடியுமா? ஸ்காபரோவில் இந்த ஏப்ரலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நோய் அதிகம் இருந்தது தொழிற்சாலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வாழும் இடங்களில். முன்பதிவு கணினியில், ஆங்கிலத்தில், வேலை நேரத்தில். சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பே ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. அப்போது எங்கள் ஆட்கள் பலரைத் தயங்குகிறவர்கள் என்று எழுதினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஷிப்டை விட்டுப் போக முடியாதவர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஊசி வந்ததும் அதே ஆட்கள்தான் தெரு நீளத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

உங்கள் அம்மாவின் காரியம் அது இல்லை, அவருக்கு உண்மையாகவே பயம் இருக்கிறது. அதனால் முதல் வேலை உங்கள் தம்பியுடையது. சாமத்திய வீட்டில் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டிய தாய்மாமன் அவர்தானே? அதற்கு முன் அவர் அம்மாவிடம் போய், கத்தியது பிழை என்று சொல்லட்டும். ஊசி என்ற சொல்லே அன்றைக்கு வரக்கூடாது. “மன்னியுங்கோ, ஆனால்…” என்று தொடங்கவும் கூடாது. அம்மா திரும்ப மேசைக்கு வந்து சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் மற்றக் கதை. நோய் யாரால் வரும் என்று வீட்டில் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டால், அவர் ஊசி போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி ஆகிவிடுகிறது. அதை யார் செய்வார்கள்?

அப்புறம் ஒரு நாள், நீங்கள் மட்டும், சமையலறையிலோ காரிலோ, “அம்மா, எதை நினைக்கத்தான் உங்களுக்குக் கூடப் பயமாக் கிடக்கு?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள், இதுதான் கஷ்டம். அவர் விவேக் என்று தொடங்கி, நடுவில் வேறெங்கோ போய், கடைசியில் “எனக்கு ஏதும் வந்து படுக்கையில கிடந்தா உங்களுக்குத்தானே கரைச்சல்” என்று முடிக்கலாம். என்னிடம் வரும் வயதான பெண்களில் பலர் அங்கேதான் முடிக்கிறார்கள். சாவைவிட, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடும் பயம் பெரிது. அதற்குப் பதில் விவேக்கைப் பற்றிய தகவலில் இல்லை. கோவிட் வந்து தப்பிய பலர் மாதக்கணக்கில் களைப்போடும் மூச்சு வாங்கலோடும் இருக்கிறார்கள், படுக்கையில் விழாமல் இருக்கத்தான் அம்மா இந்த ஊசி என்று அப்போது சொல்லலாம். அவர் சொல்லாத பயத்துக்கெல்லாம் நீங்கள் பதில் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். புதுப் பயங்களைக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவீர்கள்.

அந்த ஓடியோவை அழிக்கவும் வேண்டாம். அவரோடு இருந்து ஒருமுறை கேளுங்கள். பேசுகிறவர் யார், எந்த நாடு, எந்த ஊசியைச் சொல்கிறார், எப்போது சொன்னது என்று நீங்கள் இருவரும் சேர்ந்து தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கும் விடை இருக்காது. விடை இல்லை என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும்.

யார் சொல்வது என்பதும் முக்கியம். நீங்கள் அவருடைய மகள். நீங்கள் சொல்வதை அவர் அன்பாக எடுப்பார், ஆலோசனையாக எடுக்கமாட்டார். பல வருடமாகச் சீனிக் குளிசை எடுக்கும் பார்மசியில் தமிழ் கதைக்கிறவர் ஒருவர் இருப்பார், அல்லது அவருடைய குடும்ப வைத்தியர். முன்கூட்டியே அழைத்து, அம்மாவுக்கு இரண்டு கேள்வி இருக்கிறது, பத்து நிமிடம் தமிழில் கதையுங்கள் என்று கேளுங்கள். அன்றைக்கு ஊசி போட வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம், கதைக்க மட்டும் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்யுங்கள். கோவிலில் அவரோடு பழகும், அதே வயதில், சீனியோடு, ஊசி போட்டு நன்றாக நடமாடும் ஒரு சினேகிதி இருந்தால் அவரை ஒருநாள் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். ஒன்றும் கதைக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர்களே கதைப்பார்கள்.

சாமத்திய வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2021 நவம்பர் விதிப்படி, பைசர் என்றால் இரண்டு ஊசிக்கும் இடையில் குறைந்தது 21 நாள், அதன் பின் 14 நாள் போனால்தான் சான்றிதழ். ஐந்து வாரம். இன்றைக்கே சம்மதித்தால் டிசம்பர் கடைசிக்குப் பொருந்தும். ஆனால் எட்டு வார இடைவெளி விட்டால் பாதுகாப்பு இன்னும் நன்றாக நிற்கும் என்று இப்போது ஆலோசனை, எந்த இடைவெளி என்பதை அவருடைய வைத்தியர் சொல்லட்டும். மண்டபத்துத் திகதியை வைத்து அம்மாவை நெருக்காதீர்கள். “போடாவிட்டால் பேத்தியின் சாமத்திய வீட்டுக்கு வரேலாது” என்று சொன்னால் அவர் “சரி, நான் வரயில்லை” என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். தனியார் வீடுகளில் இந்த 2021 நவம்பர் விதிப்படி உள்ளே 25 பேர்வரை கூடலாம், சான்றிதழ் கேட்பதில்லை. தண்ணீர் வார்ப்பை வீட்டில், அம்மம்மாவோடு வையுங்கள். மண்டபத்தில் மாலையும் படமும் சாப்பாடும் நடக்கட்டும். இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தனியாக விடப்படவில்லை என்று தெரிந்த பிறகு மனம் மாறினால் நல்லது, மாறாவிட்டாலும் பிள்ளைக்கு அம்மம்மா பக்கத்தில் இருப்பார்.

சம்மதித்தால், அன்று வழக்கமான குளிசைகளை நிறுத்த வேண்டாம், வெறும் வயிற்றோடு போகவும் வேண்டாம். இரத்தம் இளக்கும் மருந்து எடுக்கிறார் என்றால் ஊசி போடுகிறவரிடம் சொல்லிவிட்டு, குத்திய இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். 15 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும், முன்பு எதற்காவது கடும் ஒவ்வாமை வந்திருந்தால் 30 நிமிடம். கை நோகும், ஓரிரு நாள் காய்ச்சல் குணமும் உடம்பு உளைவும் வரலாம், ரைலனோல் கொடுக்கலாம். சீனி கொஞ்சம் ஏறி இறங்கும், இரண்டு நாள் கூடுதலாகச் சோதித்துப் பாருங்கள். ஃப்ளூ ஊசியையும் அதே நாளில் போடலாம், இந்த முறை இரண்டின் பெயரையும் சொல்லி.

இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டால், ஃப்ளூ ஊசியை மட்டும் போடுவியுங்கள். வீட்டில் யாருக்காவது தொண்டை நொந்தால் அம்மாவின் அறைக்குப் போகாமல் உடனே சோதிக்க வேண்டும். விரலில் மாட்டி ஒக்சிசன் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். வயதானவர்களில் மூச்சுத் திணறல் தெரியாமலே ஒக்சிசன் குறைந்துகொண்டு போகும். கோவிட் வந்து, அளவு 94க்குக் கீழே இறங்கினால் வைத்தியரைக் கூப்பிடுங்கள், 92 அல்லது அதற்கும் குறைவு என்றால் 911. அடுத்த சீனிச் சோதனைக்குப் போகும்போது அவருடைய வைத்தியர் திரும்பவும் கேட்பார், முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். அதுவரை வீட்டில் யாரும் ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டாம்.